சான்றிதழ் சுவரில், ஆள் நாற்காலியில்



கேமரன் மலை லெம்பா பெர்த்தாமிலிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதம் கொஞ்ச நாளாகவே என் மேசையில் இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. மகனுக்கு முப்பத்தைந்து வயது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பேச்சு குறைவு, எழுத்து வராது. கற்றல் குறைபாடு என்று பதிந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓக்கேயூ அட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். தனக்குப் பின் இவன் எங்கே இருப்பான் என்ற யோசனையில் மலைக்குக் கீழே ஓர் இல்லத்தைப் போய்ப் பார்த்து வந்திருக்கிறார். எட்டுப் பேர் தங்கும் வீடு. தரை பளிச்சென்று இருந்ததாம். முன்கூடத்துச் சுவரில் ஊழியர்களின் பயிற்சிச் சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கினவாம். ‘எல்லாரும் டிரெய்னிங் எடுத்தவங்கதாம்மா’ என்று பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “அந்த டிரெய்னிங் பலிச்சிருக்கா இல்லையான்னு நான் எப்படிங்கய்யா கண்டுபிடிக்கிறது?”

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பயிற்சி நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் கேட்காத கேள்வி இது.

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்களே, நினைவிருக்கிறதா? பயிற்றுநர் தெளிவாகப் பேசினாரா, அறை வசதியாக இருந்ததா, மதியச் சாப்பாடு எப்படி? எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று கோடு போட்டுவிட்டு வேனைப் பிடிக்க ஓடுவோம். 1959இல் டொனால்டு கிர்க்பேட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கலாம் என்று எழுதினார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, ஏதாவது கற்றுக்கொண்டார்களா, திரும்பிப் போய் வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் யாருக்கு என்ன பலன் கிடைத்தது. இன்றைக்கும் நம் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டாம் படிக்கு ஒரு கேள்வித்தாள் வைத்தால் அதுவே பெரிய காரியம். அம்மா கேட்பது நான்காம் படியைப் பற்றி. மகனுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கேமரன் மலையில் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து கொழுந்தெடுப்பு நிரையில் நின்றுதான் கற்பிக்கப்பட்டது. புதிதாக வந்த பெண்ணை, கை தேர்ந்த ஓர் அக்காவுக்குப் பக்கத்து நிரையில் நிறுத்துவார்கள். முற்றல் இலையைக் கிள்ளினால் அந்த இடத்திலேயே அக்கா பார்த்துச் சொல்வார். கற்றாளா இல்லையா என்பது நிறுவைக்குக் கூடை வந்ததும் தெரிந்துவிடும். காம்பும் முற்றலும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கங்காணி கையை விட்டுக் கிளறிப் பார்ப்பார். இப்போது கத்தரியும், இருவர் பிடித்துப் போகும் இயந்திரமும் வந்துவிட்டன. நிரையில் நிற்பவர்களில் பலர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஆனாலும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதும், வந்த இலையைப் பார்த்து மதிப்பிடுவதும் மாறவில்லை. மனிதர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மட்டும் ஏனோ ஹோட்டல் அறையில் படம் போட்டுக் காட்டிச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம்.

பராமரிப்புப் பயிற்சியின் பலனை உட்கார்ந்து அளந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில், நூற்றுக்கணக்கான கட்டில்கள் கொண்ட பெரிய மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்காக அடைந்து கிடந்தவர்களைச் சாதாரணத் தெருவில் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவரும் முயற்சி தொடங்கிய காலம். 1981இல் ஹாம்ப்ஷயர் வட்டாரத்து ஆண்டோவர் என்ற ஊரில், கடுமையான கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்காக அப்படி ஒரு வீடு திறந்தார்கள். ஜிம் மான்செல், டேவிட் ஃபெல்ஸ் போன்ற ஆய்வாளர்கள் அந்த முயற்சியில் இருந்தார்கள். வீடு சிறியதாக இருப்பதும் தோட்டம் வைத்திருப்பதும் மட்டும் போதாது, உள்ளே ஊழியர் நிமிடத்துக்கு நிமிடம் என்ன செய்கிறார் என்பதே அங்கே இருப்பவரின் நாளைத் தீர்மானிக்கிறது என்பது அதன் தொடர்ச்சியாக வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அதிலிருந்து உருவான முறைக்கு ‘ஆக்டிவ் சப்போர்ட்’ என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், அவருக்காக வேலையைச் செய்து கொடுக்காதே, அவரோடு நின்று அவரைச் செய்ய வை.

அளக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆய்வாளர் கையில் கடிகாரத்தோடும் தாளோடும் வீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கணத்தில் இந்த மனிதர் ஏதாவது செய்துகொண்டிருக்கிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா? யாராவது அவருக்கு உதவிக்கொண்டிருக்கிறார்களா? ஒரு குறி. அடுத்த முறை மறுபடி ஒரு குறி. ஊழியரிடம் எந்தக் கேள்வியும் கிடையாது.

வேல்ஸில் எட்வின் ஜோன்ஸும் ஃபெல்ஸும் அவர்களுடைய குழுவினரும் ஐந்து வீடுகளில் 19 பேரை இப்படிப் பார்த்து 1999இல் வெளியிட்ட கணக்கு யோசிக்க வைப்பது. பயிற்சிக்கு முன், அவர்களுக்கு ஊழியரின் உதவி கிடைத்தது மொத்த நேரத்தில் சுமார் 6 விழுக்காடு மட்டுமே. ஆள் இருக்கிறார், சம்பளம் வாங்குகிறார், அதே கூரையின் கீழ் நடமாடுகிறார். ஆனால் நூறு நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் அந்த மனிதருக்குக் கைகொடுக்கிறார். பயிற்சிக்குப் பின் அது 23 விழுக்காட்டை எட்டியது. ஏதாவது ஒரு காரியத்தில் ஈடுபட்டிருந்த நேரம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் போனது. அந்தப் பயிற்சியின் முக்கியமான பகுதி, பயிற்றுநர் அந்த வீட்டுக்கே வந்து, ஒவ்வொரு ஊழியரோடும் அடுப்படியில் நின்று, செய்ய வைத்துப் பார்த்துத் திருத்தியதுதான். பிறகு இதைப் பல வீடுகளுக்குப் பரப்பினார்கள். வகுப்பு நடந்து, வீட்டுக்குள் வந்து சொல்லிக்கொடுக்கும் பகுதி விடுபட்டுப்போன இடங்களில் முன்னேற்றம் தென்படவில்லை. சான்றிதழ் அவர்களுக்கும் கிடைத்திருக்கும்.

இனி அந்த அடுப்படிக்கே போவோம். மாலை நான்கு மணி. எட்டுப் பேருக்குத் தேநீர்.

ஒரு வீட்டில் ஊழியர் கெட்டிலை நிரப்பி, எட்டுக் குவளையில் சீனி போட்டு, பத்து நிமிடத்தில் தட்டோடு வெளியே வருகிறார். எட்டுப் பேரும் தொலைக்காட்சி முன்னால். ஆளுக்கொரு குவளை, இரண்டு பிஸ்கட். குடித்து முடித்ததும் குவளைகளைத் திரட்டிக்கொண்டு போய்க் கழுவுகிறார். யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சூடும் சரியாக இருந்தது. ஆய்வு அதிகாரி வந்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் எட்டுப் பேரில் ஒருவரும் ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை.

இன்னொரு வீட்டில் ஊழியர், அங்கே தங்கியிருப்பவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். “வாங்க, தேத்தண்ணி போடலாம்.” அவர் வரவில்லை. ஊழியர் காத்திருக்கிறார். (காத்திருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த வேலையில் ஆகக் கடினமான பாடம் என்பது என் எண்ணம். நமக்கு ஐந்து விநாடிகூடப் பொறுமை இல்லை.) பிறகு கெட்டிலை எடுத்து அவர் கண்ணில் படும்படி காட்டுகிறார். அவர் எழுந்து வருகிறார். குழாயைச் சுட்டிக் காட்டினால் போதுமாக இருக்கிறது, திறந்துவிடுகிறார். மூடி போடத் தெரியவில்லை, அதை ஊழியர் ஒரு தடவை செய்து காட்டுகிறார். சீனி அள்ளும்போது கை நடுங்குகிறது. ஊழியர் தன் கையை அவர் கைமேல் வைத்து முதல் கரண்டியைப் போட வைக்கிறார், இரண்டாவதில் பிடியைத் தளர்த்துகிறார், மூன்றாவதில் கையை எடுத்துவிடுகிறார். பாதிச் சீனி மேசையில். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு உதவி தேவை என்று அந்த ஊழியருக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் போதுமா, காட்ட வேண்டுமா, கைபிடிக்க வேண்டுமா என்ற அந்தக் கணிப்புதான் பயிற்சி. அது பலித்ததா என்பதை அந்தச் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றால் யாரும் பார்த்துவிடலாம்.

சுடுதண்ணீர் கொட்டிவிடுமே என்று பொறுப்பாளர் கேட்பார். நியாயமான பயம்தான். அரைக் கெட்டில் தண்ணீர் போதும், ஊற்றும் வேலையை ஊழியர் வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் அங்கே தங்கியிருப்பவர் செய்யட்டும். பயத்தைக் காரணம் காட்டி ஆளை நாற்காலியிலேயே உட்கார வைப்பதற்குப் பயிற்சி எதற்கு? இதில் நம் வீட்டு அம்மாக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முப்பத்தைந்து வயது மகனுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடும் பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கரண்டி பிடிக்கத் தெரியாமலே அவன் ஓர் இல்லத்துக்குப் போகும் நாள், அவனுக்கும் கஷ்டம், அங்கே இருப்பவர்களுக்கும் கஷ்டம்.

பயிற்சி இருந்ததா என்று கேட்டால் மட்டும் போதாது, என்ன பயிற்சி என்றும் கேட்க வேண்டும். 2011 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையின் உள்ளே நடந்ததை மறைகேமராவில் எடுத்துக் காட்டியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களை ஊழியர்கள் அறைந்தார்கள், தரையில் போட்டு அழுத்தினார்கள், உடையோடு குளிர்ந்த நீரில் நனைத்தார்கள். 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்; ஆறு பேர் சிறை போனார்கள். அங்கே பயிற்சியே நடக்காமல் இல்லை. கற்றுத்தந்ததில் பெரும்பங்கு ஆளைப் பிடித்து அடக்குவது எப்படி என்பதாக இருந்தது என்று பின்னால் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. எதைக் கற்றுக்கொடுத்தார்களோ அது பலித்தது, பலித்த விதம் அப்படி.

லெம்பா பெர்த்தாம்காரர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் ஆறு வீடுகளுக்குள் புகுந்த இரவை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உயிர்கள் போயின, வீடுகள் போயின. அப்படி ஓர் இரவில், எட்டுப் பேர் தூங்கும் வீட்டில் ஒரே ஓர் ஊழியர் பணியில் இருந்தால்? அபாயச் சங்கு ஊதினால் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறவரை யார், எப்படி வெளியே கொண்டுவருவார்கள்? ‘அவசரகால வெளியேற்றப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று கோப்பில் இருக்கும். பகல் பதினொரு மணிக்கு, எல்லாரும் செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று படம் எடுத்த பயிற்சியாக அது இருக்கலாம். இரவுப் பணியாளரை வைத்து, இரவில், அங்கே தங்கியிருப்பவர்களோடு எப்போதாவது செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, மனநோய் என்று சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் மாண்டார்கள். அது வேறு பிரச்சினை, வேறு நாடு. ஆனால் கட்டிப்போட்டால், கதவைப் பூட்டிவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு.

பிறகு, மொழி. தோட்டத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலருக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. இல்லத்து ஊழியரோ மலாய் பேசுபவராகவோ கடல் கடந்து வந்தவராகவோ இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். ‘தண்ணி’, ‘வேணாம்’, ‘வலிக்குது’ என்று இவன் சொன்னால் அவருக்குப் புரியுமா? பேச்சே இல்லாதவருக்கு இன்னும் சிரமம். திடீரென்று கையைக் கடித்துக்கொள்வது ஒருவருக்குப் பல்வலியாக இருக்கலாம். ‘முரட்டுக் குணம்’ என்று ஏட்டில் எழுதி மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அதனால் இல்லத்துக்குப் போகும்போது அங்கே இருக்கும் யாராவது ஒருவரைக் காட்டி, ஆகப் புதிய ஊழியரிடம், ‘இவருக்கு வயிறு வலிச்சா எப்படிக் காட்டுவாரு?’ என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் அந்த வீட்டில் ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. பொறுப்பாளரைத் திரும்பிப் பார்த்தால், இல்லை.

அந்தப் பொறுப்பாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். மான்செலோடு வேலை செய்த ஜூலி பீடில்-பிரவுனும் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டின் பிக்பியும் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயம் இது. பயிற்சியின் பலன் நிலைப்பதும் கரைவதும் வீட்டின் தலைமையைப் பொறுத்திருக்கிறது. கோப்பு அறையிலேயே இருக்கும் பொறுப்பாளரின் கீழ் நல்ல ஊழியரும் கொஞ்ச நாளில் பழையபடி தட்டில் தேநீர் கொண்டுவர ஆரம்பித்துவிடுவார். அடுப்படியில் நின்று, ‘அவரையே மூடியைப் போட விடுங்க’ என்று சொல்கிறவர் இருந்தால் பயிற்சி தினமும் நடக்கிறது என்று அர்த்தம். சம்பளம் போதாமல் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லங்களில் இது இன்னும் முக்கியம். கற்றவர் கடை வேலைக்குப் போய்விடுவார், சான்றிதழ் மட்டும் சுவரில் மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மலேசியாவின் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கும் இல்லம் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது, 2010இல் நம் நாடு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 1984இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையங்கள் இன்று நாடெங்கும் பகல் நேரத்தில் இயங்குகின்றன. உங்கள் பிள்ளை அங்கே போய்வந்தாலும் இதே கேள்விகளை அங்கேயும் கேட்கலாம்.

இல்லத்தில் தங்கியிருப்பவர்களையே கேட்டீர்களா? மதிப்பீடு என்றதும் நாம் ஆகக் கடைசியில் நினைப்பது அவர்களைத்தான். நம் நாட்டில் ‘யுனைடெட் வாய்ஸ்’ என்ற சங்கம் 2005இல் பதிவானது. கற்றல் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே முன்னின்று தங்களுக்காகப் பேசும் சங்கம் அது. இங்கிலாந்தில் இல்லங்களைச் சோதிக்கும் அரசு அமைப்பு, இத்தகைய சேவையில் வாழ்ந்து பார்த்தவர்களையே சோதனைக்குக் கூட அழைத்துப் போகிறது. ஊழியர் அறையை விட்டுப் போனதும் அவர்கள் கேட்பார்கள்: இங்கே உனக்கு யாரைப் பிடிக்கும், ஏன்? எந்தப் பேராசிரியரின் படிவத்திலும் வராத பதில் அதற்கு வரும்.

சரி, அம்மாவுக்கு என் பதில் இதுதான். மறுபடி ஒரு தடவை போய்வாருங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம். அப்போது நிறுவனத்தார் அரிசி மூட்டையும் பெரிய அட்டைக் காசோலையுமாக வந்திருப்பார்கள். புதுச்சட்டை போட்டு வரிசையில் நிற்க வைத்துப் பாடச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நாளில் எந்த இல்லமும் நல்ல இல்லம்தான். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை, நான்கு மணி வாக்கில் போங்கள். முன்கூடத்தில் உட்காராமல் அடுப்படிப் பக்கம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு முடியும்வரை இருக்கட்டுமா என்று கேளுங்கள். முதல் அரை மணி நேரம் உங்களுக்காக நன்றாக நடந்துகொள்வார்கள். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பின் எத்தனை பேர் கையில் ஏதாவது வேலை இருக்கிறது, எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று அவ்வப்போது நிமிர்ந்து பாருங்கள். உங்களுக்குத் தாளும் பேனாவும் வேண்டாம். இருக்க விடமாட்டோம் என்றால் காரணம் கேளுங்கள். மற்றவர்களின் அந்தரங்கத்தை மதிக்க வேண்டும் என்று சொன்னால் அது நல்ல காரணம். அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். ‘வழக்கமில்லை’ என்று மட்டும் சொன்னால் வேறு இல்லம் பாருங்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் யார் பக்கத்தில் போய் உட்காருகிறான் என்பதும் ஒரு கணக்கு.

இந்த இதழை வாசிக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் போன பயிற்சிகளில் எது நிஜமாகவே கைகொடுத்தது, எது ஒரு நாள் வீண் என்று எங்களுக்கு எழுதுங்கள். இரவு வேலை எப்படி இருக்கிறது, சம்பளம் கட்டுபடியாகிறதா என்பதையும் எழுதலாம். உங்கள் பெயரையோ இல்லத்தின் பெயரையோ வெளியிட மாட்டோம். எழுத நேரமில்லாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, நாங்களே எழுத்தாக்கிக்கொள்கிறோம். வருவதைப் பொறுத்து அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கலாம் என்றிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்